நம்பர் ஒன்று, சிவப்பு மூன்று: டச்-அப் பெயின்ட் அடித்து இரண்டு வருடம் கழித்து

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு சிவப்பு ஆடி டிடி (Audi TT) கார் ஓட்டுவது கிறுக்குத்தனம் என்று ஊரில் எல்லோரும் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். வேலந்தாவளம் வழியாகக் கோவை போகும்போது முன்னால் ஒரு எம்-சாண்ட் டிப்பர் மாட்டினால் போதும், பானெட்டில் அம்மைத் தழும்புதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2012 மாடல். வாங்கிய அன்றே உட்கார்ந்து எண்ணினேன், கல் தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடம், அதாவது கல்லடி, பதினேழு.

டிக்கி விரிப்பைத் தூக்கினால் ஸ்டிக்கரில் பெயின்ட் நம்பர் இருக்கும். என் வண்டிக்கு எல்.இசட்.3.எம், மிசானோ ரெட். அதைக் கொடுத்து ஆன்லைனில் ஒரு டச்-அப் பெயின்ட் பேனா வாங்கினேன். சாயங்காலம் ஷெட் லைட்டில் அற்புதமாக இருந்தது. காலை வெயிலில் பார்த்தால் பதினேழு ஆரஞ்சுப் பொட்டு! நல்லவேளை, முழுசாக இறுகும் முன்பே துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்துவிட்டேன். நிறத்துக்கு மேல் கம்பெனி அடித்திருக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு, அதாவது கிளியர் கோட், அந்த ஒரு துடைப்பைத் தாங்கும், அழுத்தித் தேய்த்தால் தாங்காது.

நம்பர் என்பது சமையல் குறிப்பு மாதிரிதான். ஒரே நம்பரிலேயே கொஞ்சம் மஞ்சள் தூக்கலாக, கொஞ்சம் நீலம் தூக்கலாக என்று கலவைகள் உண்டு. அதோடு பத்து வருட வெயில் வேறு. மிசானோவில் முத்துபோல மின்னும் தூளும் கலந்திருக்கிறது. அது பாட்டில் அடியில் படிந்துவிடும், இரண்டு நிமிடமாவது குலுக்காமல் தொட்டால் வேறு நிறம்தான் வரும்.

அடுத்து கோவையில் கலந்து கொடுக்கும் ஒரு கடைக்குப் போனேன். மற்ற வண்டி என்றால் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டலாம். டிடியில் அந்த மூடியே வெள்ளி நிறம்! வண்டியையே ஓட்டிப் போனேன். கடைக்காரர் அட்டையில் அடித்துக் காட்டியதும் "இது சரிங்கண்ணா" என்றேன். "அவசரப்படாதீங்க. கிளியர் போடாம, நிறம் தர்ற பேஸ் கோட் வெளுத்துத்தான் தெரியும். கிளியர் அடிச்சு வெளிய வெயில்ல வெச்சுப் பாருங்க, உள்ள டியூப் லைட்டுல எல்லாச் செவப்பும் ஒண்ணுதானுங்க" என்றார். மூன்றாவது அட்டைதான் பொருந்தியது, அதுவும் பானெட்டோடு மட்டும். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டர் அவ்வளவு வெளுக்கவில்லை. கல்லடி முன்னால்தானே, பானெட்டுக்கே கலக்கச் சொன்னேன்.

பூசுவதற்கு நாள் பார்ப்பது கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதைவிடக் கஷ்டம். மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பெயின்ட் பால் மாதிரி வெள்ளையாய்ப் பூத்துவிடும். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வயல் மண்ணையெல்லாம் அள்ளிவந்து ஒட்டவைக்கும். மாசியில் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன்.

இந்த டிடிக்கு பானெட் அலுமினியம். துரு பிடிக்காது, ஆனால் வெள்ளையாய் மாவு பூக்கும். அதைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பெயின்ட் பிடிக்க அடியில் பூசும் பிரைமரில் அலுமினியத்துக்கு ஏற்றதை ஊசிமுனை அளவு வைத்தேன். பாட்டிலோடு வந்த பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டேன், பல்குச்சிதான் சரி. குழியின் நடுவில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே விளிம்புவரை ஓடும். காய்ந்ததும் அமுங்கிவிடும். அரை மணி நேர இடைவெளியில் நாலு சொட்டு, மேலே கிளியர் இரண்டு, கொஞ்சம் மேடாகவே. ஒரு வாரம் விட்டு, பென்சில் ரப்பரில் 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி சோப்புத் தண்ணீரில் தேய்த்தேன். பிறகு 3000, பிறகு பளபளப்பு ஏற்றும் காம்பவுண்டு பசை. கிளியர் கோட் தலைமுடியைவிட மெல்லியது, சுமார் 40-50 மைக்ரான். ஒரு இடத்தில் ஆசைப்பட்டு ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தேன், பானெட் ஓரத்தில் பளபளப்பு போய்விட்டது. அந்த மங்கல் இன்னும் இருக்கிறது. இறுகவைக்கும் ஹார்டனரைத் தனியாகக் கலக்கும் டூ-கே (2K) கிளியரை மட்டும் வீட்டில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் எல்லாம் அதற்குக் காணாது.

இரண்டு வருடத்தில் பானெட்டில் ஒன்றுகூட உதிரவில்லை. ஓரமாகச் சாய்ந்து பார்த்தால் மெல்லிய வளையம் தெரியும், ஐந்தடி தள்ளி நின்றால் எனக்கே தேடத்தான் வேண்டும். பம்பரில் போட்ட நாலில் இரண்டை வாட்டர் சர்வீஸ் பிரஷர் பிய்த்துவிட்டது. பிளாஸ்டிக்குக்குத் தனி பிரைமர் போடாத சோம்பல் என்னுடையதுதான்.

போன வாரம் ஹெட்லைட்டுக்குக் கீழே புதிதாக ஒன்று விழுந்தது. மிச்சப் பெயின்ட்டைத் திறந்தால் தேன் பதத்துக்கு இறுகியிருக்கிறது, தகர ஷெட்டில் வைத்தது தப்பு. இப்போதைக்கு மகளின் நிறமில்லா நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்திருக்கிறேன்.