அல்சூர் வீட்டுக்கு வந்த டப்பா

மான்செஸ்டரிலிருந்து பெங்களூர் அல்சூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்தேன். விமானம், இமிக்ரேஷன், டாக்சி எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது வீட்டுக்கு வந்து மலம் வாங்கிப்போக வந்த பையனைப் பற்றி. முகம் சுளிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு ஏழு வருஷமாக க்ரோன்ஸ், குடல் அழற்சி நோய். இந்தத் தடவை நோய் கிளம்பியபோது, ஸ்டீராய்டுக்கு முன்னால் சாப்பாட்டை மாற்றிப் பார்ப்போம் என்றார் மான்செஸ்டர் டாக்டர். இஸ்ரேலில் ஆரி லெவின் என்ற குழந்தை மருத்துவர் வகுத்த முறை. 74 குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2019-இல் வந்தது, பெரியவர்களுக்கும் கொடுக்கிறார்கள். முதல் ஆறு வாரம், அன்றாடக் கலோரியில் பாதி சத்துப் பவுடரைக் கரைத்துக் குடிப்பதிலேயே வந்துவிடும். மீதிக்கு தினமும் கோழி நெஞ்சுக்கறி, முட்டை, வாழைப்பழம், தோல் சீவிய ஆப்பிள், அவித்து ஆறவைத்த உருளைக்கிழங்கு. சோறு உண்டு. பால், தயிர், கோதுமை, பருப்பு, பாக்கெட் சாமான் எதுவும் கூடாது. உளுந்து இருப்பதால் இட்லியும் போச்சு. "வயித்துக்கு மோர் நல்லதுடி" என்று அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை சொன்னாள்.

இந்த லட்சணத்தில் அக்கா மகள் கல்யாணம். அதற்கு மூன்று நாள் முன்பு ஆறு வாரம் முடிகிறது, கால்ப்ரொடெக்டின் பார்க்க வேண்டும். குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் ஏறுகிற புரதம் அது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குள் இருந்தால் நிம்மதி, 250-ஐத் தாண்டினால் கவலை. மான்செஸ்டரிலிருந்து கிளம்புமுன் எனக்கு 1,100.

மான்செஸ்டரில் இது இலவசம். டப்பாவைக் கிளினிக்கில் போட்டுவிட்டுப் பத்து நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே ஒரு லேபின் ஆப்பில் காசு கட்டி, காலை ஆறு மணி ஸ்லாட் எடுத்தேன். தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் நின்ற ஊரா இது என்று எனக்கே பெருமை.

ஆறு பத்துக்குப் பையன் வந்தான். பையைத் திறந்து ஊசியை எடுத்தான்.

"ரத்தம் இல்லப்பா."

போனைப் பார்த்தான். "ஓ, ஸ்டூலா? ரெடியா இருக்கா அக்கா?"

டப்பாவே அவன்தான் தர வேண்டும் என்றேன். பையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பரவால்ல அக்கா, நான் வெயிட் பண்றேன்" என்று சோபாவில் உட்கார்ந்துவிட்டான்.

இரண்டு மாதம் முன்பு என்றால் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. அப்போது வந்திருந்தால் வாசலில் நிற்க வைத்தே கொடுத்து அனுப்பியிருப்பேன். இப்போது டயட் வேலை செய்கிறது, ஒரே தடவை, அதுவும் எட்டரை மணிக்கு மேல். வெளியே ஒருவன் காத்திருக்கிறான் என்று தெரிந்து உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எதுதான் நடக்கும்?

ஹாலில் அப்பா அவனுக்குக் காபி கொடுத்து ஊர் விசாரித்துக்கொண்டிருந்தார். கோலார் தங்கவயல். அவ்வளவுதான், அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது. அவருடைய மாமா சாம்பியன் ரீஃபில் சுரங்க வேலை பார்த்தவர். 2001-இல் சுரங்கத்தை மூடியது, பங்காருப்பேட்டை வழியாகத் தினமும் ரயிலில் பெங்களூர் வேலைக்கு வருகிற கூட்டம், எல்லாம் கதவைத் தாண்டி எனக்குக் கேட்டது. இருபத்தைந்து நிமிஷம். வெளியே வந்து தலையை ஆட்டினேன். அவன் முகத்தில் என்னைவிட ஏமாற்றம்.

"டப்பாவ வச்சுக்குங்க அக்கா. ஆனா ஆப்ல கேன்சல்னுதான் போட முடியும்."

கஸ்டமர் கேரில் கன்னடத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. நாற்பது நிமிஷம். பேஷன்ட் சாம்பிள் கொடுக்க மறுத்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறதாம். மறுக்கவில்லை, வரவில்லை என்று அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். என் இருபது வருஷ இங்கிலாந்து வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு ஆங்கிலம் பேசியதில்லை. புது ஸ்லாட் மறுநாள்தான், மறுபடி காசு.

எட்டே முக்காலுக்கு வந்தது. இனி நாளைக் காலை வரை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். அங்கே கல்யாணத்துக்கு வாங்கிய மல்லிகை. மூன்று கவருக்குள் போட்டும் அம்மா சம்மதிக்கவில்லை. "பூ வைக்கிற இடத்துலயா?" கடைசியில் பூ கீழ்வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போனது, டப்பா எங்கள் வீட்டில் தங்கியது.

மறுநாள் அதே பையன். போனைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினான். அப்பா தூங்கிக்கொண்டிருந்ததில் அவனுக்கு வருத்தம்.

அடுத்த நாள் மதியம், கல்யாணத்துக்கு முந்தின விருந்தில், ஆறின உருளைக்கிழங்கு டப்பாவோடு பந்தியில் உட்கார்ந்திருந்தபோது வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. 190. பத்து நாள் இல்லை, முப்பது மணி நேரம். பக்கத்து இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் நம்பரைக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கன்னத்தைக் கிள்ளினாள்.

கூடவே ஆப் நட்சத்திரம் கேட்டது. ரத்தான முதல் புக்கிங்குக்கு, இரண்டாவதற்கு, அப்புறம் பையனுக்குத் தனியாக. அவனுக்கு ஐந்து போட்டேன். கட்டின முதல் காசு இன்னும் திரும்பி வரவில்லை.