கற்பாங்கான மேய்ச்சல் நிலத்துக்கு மண் ஆய்வுச் சேவை: இருமுறை பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

சரளைக் கற்கள் மிகுந்த, மழை ஓய்ந்ததும் நீர் தங்காமல் வடிந்துவிடும் மேய்ச்சல் நிலம் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். அதன் மண்ணைச் சரியாக அறிந்துகொள்வதற்காக ஓர் ஆய்வுக்கூடத்தின் சேவையை இருமுறை பெற்றேன். முதல் முறை பெற்றது எல்லா நிலங்களுக்கும் பொதுவான மண் பரிசோதனை. இரண்டாம் முறை பெற்றது, அதே ஆய்வுக்கூடம் தனியாக வழங்கும், மண்ணின் இயற்பியல் பண்புகளுக்கான விரிவான ஆய்வு. உழுது பயிரிடும் நிலத்துக்கு முதலாவது போதுமானதாக இருக்கலாம். கல் நிலத்தைப் பொறுத்தவரை அது போதாது என்பதோடு, தவறான முடிவுகளுக்கும் இட்டுச் செல்லும் என்பது என் கருத்து.

மாதிரி எடுப்பது குறித்து அவர்கள் தந்த குறிப்புத் தாள் தெளிவாகவே இருந்தது. மேலே கிடக்கும் சருகுகளை விலக்கி, 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பல இடங்களில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, கற்களையும் வேர்களையும் பொறுக்கி எறிந்துவிட்டு, அரைக் கிலோ மண்ணை அனுப்ப வேண்டும். மண் துளைப்பான் இரண்டாவது திருகலிலேயே கல்லில் முட்டி நின்றுவிட்டதால் கடப்பாரை கொண்டு தோண்டினேன். மேலே சுமார் 12 செ.மீ. அளவுக்குக் கரும்பழுப்பான, புல் வேர்கள் பின்னிய சரளை மண். அதன் கீழே நிறம் சற்று வெளுத்து, கற்கள் கூடிக்கொண்டே போய், 40 செ.மீ. ஆழத்தில் வெடிப்புகள் விழுந்த பாறை. குறிப்புத் தாளில் சொன்னபடி கற்களைப் பொறுக்கி ஒரு பக்கம் போட்டபோது, மண் குவியலைவிடக் கல் குவியல் பெரிதாக இருந்தது. அனுப்பிய அரைக் கிலோ என் நிலத்தின் எந்தப் பகுதியைக் குறிக்கிறது என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

முதல் அறிக்கை சொன்ன நாளில் வந்தது. வேதியியல் பகுதியில் குறை காண எதுவும் இல்லை. கார அமில நிலை (pH) 8.1, உப்பின் அளவு மிகக் குறைவு, சுண்ணாம்பு உண்டு என்று குறித்திருந்தார்கள். சுண்ணாம்பு மண்ணுக்கு ஏற்ற ஓல்சன் முறையில், அதாவது சோடியம் பைகார்பனேட் கரைசல் கொண்டு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அளந்திருந்தது அவர்களுடைய கவனத்தைக் காட்டியது. அமில மண்ணுக்கான முறையைச் சுண்ணாம்பு மண்ணில் பயன்படுத்தினால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. ஆனால் அடுத்த பக்கத்தில் மண்ணின் இழைநயம் (துகள்களின் அளவுக் கலவை) குறுமண், அதாவது மணலும் வண்டலும் களியும் கலந்த மண் என்றும், மட்கிய பொருளில் உள்ள அங்ககக் கரிமம் 1.2 விழுக்காடு என்றும், நீர்ப்பிடிப்புத் திறன் நன்று என்றும் எழுதியிருந்தது. மழை நின்ற ஒரு வாரத்தில் புல் வாடிவிடும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரால் அந்தக் கடைசி வரியை ஏற்க முடியாது.

தவறு எங்கே நிகழ்கிறது என்றால் சல்லடையில்தான். உலகெங்கும் மண் ஆய்வுக்கூடங்கள் 2 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் மண்ணைச் சலித்து, கீழே விழும் நுண்மண்ணையே ஆய்வுக்கு எடுக்கின்றன. மணல், வண்டல், களி ஆகிய மூன்றும் அந்த அளவுக்கு உட்பட்டவை. மேலே நிற்பது கல். முறையில் பிழை இல்லை. ஆனால் மேலே நின்றதை எடைபோட்டு அறிக்கையில் எழுதாமல் கொட்டிவிடும்போது, நுண்மண்ணுக்கு உரிய எண்கள் முழு நிலத்துக்கும் உரியவையாக வாசிக்கப்படுகின்றன.

விரிவான ஆய்வில் இந்தக் குறை நீங்கியது. கற்களைப் பிரிக்காமல் முழு மாதிரியாகப் பெற்றுக்கொண்டு, கற்களின் எடை 60 விழுக்காடு, நுண்மண்ணின் எடை 40 விழுக்காடு என்று தந்தார்கள். கல்லின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.65 கிராம், நுண்மண்ணின் பரும அடர்த்தி (இடைவெளிகளையும் சேர்த்த கன அளவுக்கான எடை) 1.3 கிராம் என்று கொண்டு கணக்கிட்டால், கன அளவில் கற்களின் பங்கு ஏறக்குறைய 42 விழுக்காடு ஆகிறது. கன அளவில் 35 விழுக்காட்டுக்கு மேல் கல் இருந்தாலே மண் வகைப்பாட்டில் அதனைக் கல்மிகு மண்ணாகத் தனியே பிரிப்பார்கள். இனி நீர்க் கணக்கைப் பார்க்கலாம். கல்லே இல்லாத குறுமண் 10 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 15 மி.மீ. நீரைச் செடிகளுக்குக் கிடைக்கும்படி வைத்திருக்கும் என்றால், 40 செ.மீ. ஆழத்துக்கு 60 மி.மீ. கிடைக்கும்; கற்கள் அடைத்திருக்கும் இடத்தைக் கழித்தால் 35 மி.மீ. மட்டுமே மிஞ்சும். நாள் ஒன்றுக்கு 5 மி.மீ. நீர் செலவாகும் வெயிலில் முதல் கணக்கு 12 நாட்களையும் இரண்டாவது 7 நாட்களையும் காட்டுகிறது. புல் வாடுவது இரண்டாவது கணக்கின்படிதான். கரிமக் கணக்கும் இப்படியே மாறுகிறது: மேல் 20 செ.மீ. ஆழத்தில் ஹெக்டேருக்கு 31 டன் என்று முதல் அறிக்கையை வைத்துக் கணக்கிட்டிருந்தேன்; கற்களைக் கழித்தால் அது 18 டன்.

பரும அடர்த்தியை அளந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. உருளைக் குழாயை அடித்து மாதிரி எடுக்கும் வழக்கமான முறை கல் நிலத்தில் பயன்படாது. குழாய் நெளியும் அல்லது கல் நகர்ந்து குழி சிதையும். இவர்களுடைய பணியாளர் நேரில் வந்து, ஒரு சிறு குழியைத் தோண்டி, வெளிவந்த எல்லாவற்றையும் ஒரு துகள் சிந்தாமல் பையில் சேகரித்து, குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து நீர் ஊற்றி, குழியின் கன அளவைக் கண்டார். கல்லோடு சேர்த்த அடர்த்தி 1.87, நுண்மண்ணின் அடர்த்தி 1.3 என இரண்டையும் தனித்தனியே தந்திருந்தார்கள். முதல் எண்ணை மட்டும் தந்திருந்தால், கால்நடைகள் மிதித்து மண் இறுகிவிட்டதென்று நான் முடிவு செய்திருப்பேன். உண்மையில் கற்களுக்கு இடையில் உள்ள மண் வேர்கள் தடையின்றிச் செல்லும் அளவுக்குப் பொலபொலப்பாகவே இருக்கிறது.

வடிகால் பற்றிய பகுதியையும் பாராட்ட வேண்டும். நீர் தேங்கி நிற்கும் மண்ணில் காற்று குறைந்து, இரும்பு கரைந்து இடம்பெயர்வதால் சாம்பல் நிறத் திட்டுகளும் துருநிறப் புள்ளிகளும் தோன்றும். மண்ணின் நிறத்தைக் குறிக்கப் பயன்படும் மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, பாறை வரைக்கும் அத்தகைய அடையாளம் எதுவுமில்லை என்பதைக் கொண்டே நல்ல வடிகால் என்று எழுதியிருந்தார்கள். அதோடு நிறுத்தாமல், நல்ல வடிகால் உள்ள மண் என்பதாலேயே மழைநீர் வழிந்தோடாது என்று கொள்ளக் கூடாது என்றும் விளக்கியிருந்தார்கள். 40 செ.மீ. மண் நிரம்பிய பிறகு, பாறை வெடிப்புகள் ஏற்கும் அளவுக்கு மேல் பெய்யும் மழை சரிவில் ஓடத்தான் செய்யும். கற்களின் அடிப்பக்கத்தில் வெண்மையான சுண்ணாம்புப் படிவு இருப்பதைப் பணியாளர் எடுத்துக் காட்டினார். கல்லைச் சுற்றி இறங்கும் நீர் அதன் அடியில் தங்கி உலரும்போது விட்டுச் செல்வது அது. அந்த ஒரு கல்லைக் கையில் வைத்துப் பார்த்தபோது, நீர் என் நிலத்தில் எதுவரை இறங்குகிறது என்பது முதல் முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

குறைகளும் உண்டு. நீர் ஊடுருவும் வேகத்தை அளக்கும் இரட்டை வளையத்தைக் கற்களுக்கு இடையில் அடித்து இறக்க முடியாததால் அந்தச் சோதனையைக் கைவிட்டார்கள். வளையத்தின் விளிம்பைக் களிமண் கொண்டு அடைத்து முயன்றிருக்கலாம். மேற்பரப்பில் கற்கள் எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் குறித்தவர்கள், அவை தளர்வாகக் கிடக்கின்றனவா, மேலோட்டில் பதிந்துள்ளனவா என்பதைக் குறிக்கவில்லை. இந்த வேறுபாடு முக்கியமானது: தளர்வான கல் மழைத்துளியின் அடியைத் தாங்கி மண்ணைக் காக்கும், இறுகிய மேலோட்டில் பதிந்த கல் நீரை உள்ளே விடாமல் வழிந்தோடச் செய்யும். இரண்டாம் அறிக்கையிலும் பயிர்களுக்கான உரப் பரிந்துரையே அச்சாகி வந்தது மேய்ச்சல் நிலத்துக்குப் பொருத்தமற்றது. அறிக்கையும் சொன்ன நாளைக் கடந்து தாமதமாகவே வந்தது.

கல் நிலம் வைத்திருப்பவர்கள் எந்த ஆய்வுக்கூடத்தை நாடினாலும், 2 மி.மீ.க்கு மேற்பட்டதை எடைபோட்டுத் தருவீர்களா என்று கேட்டுவிட்டு மாதிரியைக் கொடுங்கள். என் நிலத்தில் சரிவின் அடிவாரத்தில் மண் ஆழமாகவும் கல் குறைவாகவும் தெரிகிறது. அங்கே அடுத்த குழியைத் தோண்டி, அதையும் இதே விரிவான ஆய்வுக்கே, கற்களோடு சேர்த்துக் கொடுக்க இருக்கிறேன்.