கிராஃபிக்ஸ் கார்டா, பிராசசரா, புது போர்டா: 30,000 ரூபாயில் ஒரு 2017 கேமிங் கணினி

2017-இல் அசெம்பிள் செய்யப்பட்ட என் கணினியில் ஏ.எம்.டி.யின் ரைசன் 5 1600 பிராசசரும், பி350 மதர்போர்டும், ஒரே ஸ்டிக்காக 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேமும், 6 ஜி.பி. நினைவகம் கொண்ட ஜி.டி.எக்ஸ். 1060 கார்டும், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் (மின்சாரம் வழங்கும் பெட்டி) இருந்தன. அன்று 1080பி திரைக்கு இது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. இன்றோ பல பக்கங்களிலிருந்தும் நெருக்கடி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ரைசன் 5 1600 விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. 1060 அடங்கிய பாஸ்கல் வரிசைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களை (கார்டை இயக்கும் மென்பொருள்) அதே அக்டோபரோடு நிறுத்துவதாகவும், 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தருவதாகவும் என்விடியா அறிவித்தது. 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்ற அண்மை விளையாட்டுகள் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சி வரைதல்) வசதி கொண்ட கார்டைக் கட்டாயத் தேவையாகவே வைத்துள்ளன.

கையில் இருப்பது 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நம் முன்னே உள்ள வழிகள் மூன்று. முழுத் தொகையையும் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம். பிராசசருக்கும் கார்டுக்கும் பங்கிடலாம். அல்லது போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் புதிதாக்கிவிட்டு, கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கன்சோல் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு; ஆனால் வீட்டில் பாடம், அலுவலகம், பில் என எல்லாவற்றுக்கும் இதே கணினியைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

எது தடை என்பதை முதலில் அளக்க வேண்டும்

கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை. நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டைத் திறந்து, கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டு விழுக்காட்டைத் திரையின் ஓரத்தில் காட்டும் மென்பொருள் ஒன்றை ஓடவிடுங்கள். கார்டு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால், அதுதான் மூச்சு வாங்குகிறது என்று பொருள். கார்டு 60, 70 விழுக்காட்டில் ஓய்வாக இருக்க, ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கியும் எஃப்.பி.எஸ். (ஒரு நொடிக்குத் திரையில் வரும் காட்சிச் சட்டங்கள்) ஏறவில்லை என்றால், பிராசசர்தான் தடை. இந்த இரண்டையும் விட முன்னதாகப் பார்க்கவேண்டியது ரேம்: 8 ஜி.பி.யும் நிறைந்து, விண்டோஸ் டிஸ்க்கைத் துழாவிக்கொண்டிருக்கும்போது வரும் திக்கலை எந்தக் கார்டாலும் தீர்க்க முடியாது.

என் கணினியில் இந்தச் சோதனை இரண்டு விதமான விடையைத் தந்தது. கவுண்டர்-ஸ்டிரைக் 2, வேலரண்ட் போன்ற போட்டி விளையாட்டுகளில் பிராசசர் திணறியது. கதையோட்டமுள்ள பெரிய விளையாட்டுகளில் கார்டு திணறியது. ஏழெட்டு ஆண்டு பழைய கணினிகள் பலவற்றில் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே காலத்தில் வாங்கியவை. மூப்பும் இரண்டுக்கும் சேர்ந்தேதான் வருகிறது.

முதல் வழி: மொத்தமும் கார்டுக்கே

இதற்கு எதிராகப் பேசுவது கடினம். ஏனெனில் ஒரே ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் 30,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கும் புதிய கார்டுகள் எல்லாமே புதிய போர்டுகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை என்பதுதான் சிக்கல். ஆர்.டி.எக்ஸ். 5060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 8 ஜி.பி. நினைவகம், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 5.0 (கார்டும் போர்டும் தரவு பரிமாறும் இணைப்பு), எட்டு பாதைகள். பி350 போர்டில் இருப்பது பி.சி.ஐ. 3.0 மட்டுமே. அதே எட்டு பாதைகள் அங்கே நான்கில் ஒரு பங்கு வேகத்தில்தான் இயங்கும். விளையாட்டு 8 ஜி.பி.க்குள் அடங்கும்வரை வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அடங்காமல் ரேமிலிருந்து தரவை இழுக்கத் தொடங்கும்போது, குறுகிய பாதையில் நெரிசல் ஏற்பட்டு எஃப்.பி.எஸ். சரியும்.

2024 டிசம்பரில் வந்த இண்டல் ஆர்க் பி580, 12 ஜி.பி. நினைவகத்தோடு 249 டாலருக்கு அறிமுகமானபோது பலரும் வியந்தார்கள், நானும்தான். பழைய கணினிக்கு மட்டும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக அணுக உதவும் ரீசைசபிள் பார் என்னும் வசதி இல்லாமல் அந்தக் கார்டு தன் முழுத் திறனைக் காட்டாது. இண்டலே ரைசன் 3000-க்கு முந்தைய பிராசசர்களை அதற்கு உகந்தவையாகச் சொல்வதில்லை. அத்தோடு, அதன் டிரைவர் பிராசசரின் மீது ஏற்றும் சுமை மற்ற நிறுவனங்களின் கார்டுகளைவிட அதிகம் என்பதும், ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசர்களோடு சேர்க்கும்போது பின்தங்குகிறது என்பதும் 2025 ஜனவரியிலேயே சோதனைகளில் வெளிப்பட்டன. மலிவான கார்டு என்று வாங்குபவர்களிடம்தான் பழைய பிராசசர் இருக்கும் என்பது இதில் உள்ள முரண்.

ஏ.எம்.டி.யின் ரேடியான் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. பதினாறு பாதைகளோடு வருவதால் பழைய போர்டில் அதற்கு இழப்பு குறைவு. ஆனால் வாங்கத்தக்க 16 ஜி.பி. வகை நம் தொகைக்குள் அடங்குவதில்லை; அடங்கினாலும், போட்டி விளையாட்டுகளில் ரைசன் 5 1600 போட்டிருக்கும் வரம்பை அது நகர்த்தப்போவதில்லை.

இரண்டாம் வழி: பங்கிட்டுச் செலவிடுதல்

பி350 போர்டில் பிராசசர் உட்காரும் ஏ.எம்.4 சாக்கெட்டின் நீண்ட ஆயுள்தான் இந்த வழியைச் சாத்தியமாக்குகிறது. 2017-இல் விற்ற 300 வரிசை போர்டுகளிலும் ரைசன் 5000 பிராசசர்களைப் பொருத்த ஏ.எம்.டி. 2022-இல் இடமளித்தது. ஆகவே 2022 ஏப்ரலில் வெளியான ரைசன் 5 5600, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை ஒருமுறை அப்டேட் செய்தபிறகு என் பழைய போர்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. இரண்டிலும் கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) ஆறு, திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் பணிகள்) பன்னிரண்டு, 65 வாட் என்று அட்டையில் ஒன்றுபோலவே எழுதியிருக்கும். வேறுபாடு உள்ளே இருக்கிறது. 1600-இல் ஆறு கோர்களும் மூன்று மூன்றாக இரு பிரிவுகளாக உள்ளன. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே 8 எம்.பி. எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள விரைவு நினைவகம்), ஒரு பிரிவு மற்றொன்றோடு பேசும் ஒவ்வொரு முறையும் காலதாமதம். 5600-இல் ஆறு கோர்களும் 32 எம்.பி. கேஷைப் பொதுவில் பகிர்ந்துகொள்கின்றன. உச்ச வேகமும் 3.6 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4-க்கு ஏறுகிறது. போட்டி விளையாட்டுகளில் திடீர் திடீரென வந்த திக்கல் இதனால்தான் குறைகிறது. விண்டோஸ் 11-க்கான தகுதியும் இதே செலவில் கிடைத்துவிடுகிறது. என் கணக்கில் இந்த ஒரு காரணமே மற்ற இரு வழிகளைவிட இதனை ஒரு படி உயர்த்துகிறது.

இங்கே இரண்டு ஆசைகள் குறுக்கிடும். ஒன்று, இன்னும் சில நூறுகளை மிச்சப்படுத்தி 5500-ஐ வாங்குவது. அதன் கேஷ் 16 எம்.பி. மட்டுமே என்பதால் விளையாட்டுக்கு அது தகுந்த சேமிப்பு அன்று. மற்றொன்று, 96 எம்.பி. கேஷ் கொண்ட ரைசன் 7 5700எக்ஸ்3டி. அது அருமையான பிராசசர்தான். ஆனால் பெட்டியில் கூலர் வராது, அதையும் சேர்த்து வாங்கினால் கார்டுக்கு ஒதுக்கிய தொகை கரைந்துவிடும்.

பிராசசருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போனபின், மீதத்தில் இரண்டு கார்டுகள் போட்டியிடுகின்றன: புதிய ஆர்.எக்ஸ். 6600, அல்லது செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் 12 ஜி.பி. ஆர்.டி.எக்ஸ். 3060. இரண்டும் 2021-இல் வந்தவை, இரண்டும் 1060-இன் வேகத்தில் ஏறத்தாழ இருமடங்கைத் தொடுபவை, இரண்டிலும் ரே டிரேசிங் வசதி உண்டு. 6600-க்கு 132 வாட் போதும், 3060-க்கு 170 வாட் வேண்டும். 6600-இன் நினைவகம் 8 ஜி.பி., அதுவும் எட்டு பாதைகளோடு. 3060-க்கோ பதினாறு பாதைகள், 12 ஜி.பி., குறைந்த ரெசல்யூஷன் படத்தைப் பெரிதாக்கி எஃப்.பி.எஸ். ஏற்றும் டி.எல்.எஸ்.எஸ். என எல்லாமே பழைய போர்டுக்குச் சாதகமானவை. மேலும், 2025 இறுதியில் ஏ.எம்.டி. தன் ஆர்.எக்ஸ். 6000 வரிசையைத் தனி டிரைவர் கிளைக்கு மாற்றியது. விளையாட்டு ஆதரவு தொடரும் என்று பின்னர் விளக்கம் தந்தாலும், அந்த வரிசை ஓய்வை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. வாரண்டியும் மன அமைதியும் முக்கியம் என்பவர் 6600-ஐயும், ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டைச் சோதித்துப் பார்த்து வாங்கத் தெரிந்தவர் 3060-ஐயும் எடுக்கலாம். நான் 3060-இன் பக்கம்.

சோதிப்பது என்றால் உண்மையிலேயே சோதிப்பது. 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியபின், அதுவரை அந்த நாணயத்தை ஈட்டும் மைனிங்கில் இரவும் பகலும் வெந்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் 3060-களும் உண்டு. சென்னை ரிச்சி ஸ்டிரீட்டில் வாங்கினாலும் தனிநபரிடம் வாங்கினாலும், கார்டை ஓடும் கணினியில் பொருத்தி, குறைந்தது இருபது நிமிடம் முழுச் சுமையில் ஓட்டி, வெப்பநிலையையும் மின்விசிறியின் ஓசையையும் கவனித்த பின்னரே பணத்தை எடுக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பவும் கூடாது: 2304 ஷேடர்கள் (கார்டின் கணக்கிடும் அலகுகள்) இருக்கவேண்டிய ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரிலேயே 2048 ஷேடர்கள் கொண்ட வகையும் விற்கப்படுகிறது.

மூன்றாம் வழி: புது போர்டு

ஏ.எம்.5 போர்டு, ரைசன் 5 7600, டி.டி.ஆர்.5 ரேம் என்று புதிதாகத் தொடங்குவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது: 2027-க்கும் அப்பால் இந்தச் சாக்கெட்டை ஆதரிப்பதாக ஏ.எம்.டி. சொல்லியிருப்பதால், ஏ.எம்.4 எனக்குத் தந்த நீண்ட ஆயுளை இதுவும் தரக்கூடும். ஆனால் இன்றைய தொகைக்கு இந்த வழி பொருந்தாது. டி.டி.ஆர்.4 ரேம் இதில் பொருந்தாது என்பதால் கையிலிருப்பது வீணாகும். செயற்கை நுண்ணறிவு தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கும் காலத்தில் இது சிறிய இழப்பு அன்று. மூன்றையும் வாங்கி முடிக்கும்போது கார்டுக்குப் பணம் மிஞ்சாது. புது மாட்டுக்குப் பழைய வண்டியைப் பூட்டியது போல, 7600-உடன் 1060-ஐ ஓட்டிக்கொண்டிருக்க நேரிடும்.

இண்டல் ஏழாம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவருக்கு மட்டும் கணக்கு வேறு. ஐ5 7400 போன்ற பிராசசர் உள்ள 200 வரிசை போர்டில் எட்டாம் தலைமுறை பொருந்தாது; உச்சமாக ஐ7 7700கே-ஐப் போடலாம், அதற்கும் நான்கே கோர்கள், அதற்கும் விண்டோஸ் 11 தகுதி இல்லை. அவர் போர்டை மாற்றியே ஆகவேண்டும், ஆனால் டி.டி.ஆர்.4 ஏற்கும் எச்610 போர்டும் பன்னிரண்டாம் தலைமுறை ஐ3 12100எஃப்-உம் எடுத்தால் பழைய ரேமைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

மாற்றும் வரிசை

பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். புதியதைப் பொருத்திவிட்டால் திரையே வராது. சில போர்டுகள் இடைப்பட்ட ஒரு பதிப்பைத் தாண்டித்தான் கடைசிப் பதிப்பை ஏற்கும் என்பதால், தயாரிப்பாளரின் பட்டியலில் 5600 இருக்கிறதா, எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்டேட்டின் நடுவே மின்சாரம் போனால் போர்டு போய்விடக்கூடும், யூ.பி.எஸ். இல்லாதவர் இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்வது நல்லது. கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டிப் பிராசசரைச் சூடாக்கி, அணைத்து, கூலரை மெல்லத் திருகி எடுக்க வேண்டும். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டோடு நேராக இழுத்த நான், பிராசசரையும் சேர்த்தே சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, ஊசிகள் இரண்டை வளைத்து, ஏ.டி.எம். அட்டையின் விளிம்பால் நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பொறுத்தவரை, தரமான 450 வாட் 6600-க்குப் போதும். 3060-க்கு என்விடியா 550 வாட்டைப் பரிந்துரைக்கிறது. 1060-க்கு ஆறு ஊசி இணைப்பு போதுமாயிருந்தது. இவற்றுக்குப் பெரும்பாலும் எட்டு ஊசி இணைப்பு வேண்டும்.

கையில் இப்போது 15,000 மட்டுமே இருந்தால், போட்டி விளையாட்டு ஆடுபவர் 5600-ஐயும் இன்னொரு 8 ஜி.பி. ஸ்டிக்கையும் முதலில் வாங்கலாம். ஒற்றை ஸ்டிக் இரட்டையாகும்போது ரேம் இரு சேனல்களில் இயங்குவதையும் ரைசன் நன்றாகவே பயன்படுத்திக்கொள்ளும். கதை விளையாட்டு ஆடுபவர் கார்டுக்கு முந்தலாம். எப்படியானாலும், கழற்றிய 1060-ஐ அலமாரியில் வைத்திருக்க வேண்டாம். டிரைவர் நின்றுபோன செய்தி பரவப் பரவ அதன் விலை இறங்கும், இன்று அதை விற்று வரும் தொகையில் அந்த இரண்டாம் ரேம் ஸ்டிக்கின் விலையில் ஒரு பகுதியாவது தேறும்.