பாடப்புத்தகமா, பலாக்கொட்டையா, பாசிமணியா?

என் மகள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டேட் போர்டு பிளஸ் ஒன், அண்ணன் மகன் லாஸ்பேட்டையில் சிபிஎஸ்இ. போர்டு வேறானாலும் உயிரி மூலக்கூறுகள் (மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, டிஎன்ஏ) பாடம் இரண்டு பேருக்கும் உண்டு, முழிப்பதும் ஒரே இடத்தில்தான். ஜூனில் இரண்டு ஞாயிறு புத்தகம், அடுப்படிச் சோதனை, பாசிமணி என்று மூன்று வழியிலும் படித்துப் பார்த்தோம்.

புத்தகத்தைக் குறை சொல்ல முடியாது. நீட்டில் 720-க்கு 360 உயிரியல், கடைசியில் அதற்குத்தான் வந்து நிற்க வேண்டும். ஆனால் முதல் நாளே அதைத் திறந்தால் பெப்டைடு பிணைப்பு, கிளைகோசைடிக் பிணைப்பு எல்லாம் மந்திரம் மாதிரி வாயில் ஓடும், மண்டையில் ஏறாது. வீடியோவும் அப்படித்தான், பார்க்கும்போது புரியும், மூடினால் போச்சு.

அடுப்படி வேறு கதை. பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை அறுத்து, வேகவைத்த கொட்டையிலும் பழுத்த சுளையிலும் அயோடின் விட்டோம் (மருந்துக்கடை பெட்டாடின்தான், முதல் தடவை தண்ணீர் கலக்காமல் ஊற்றி எல்லாமே கறுப்பாகத் தெரிந்து ஏமாந்தேன், வெளிர் டீ நிறத்துக்கு நீர்க்க வேண்டும்). மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும். கொட்டை கருநீலம், சுளையில் பெரிதாக ஒன்றுமில்லை. பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாகிவிட்டது, அவ்வளவுதான். முந்திரிப்பருப்பைத் தாளில் வைத்து நசுக்கினால் காயாத எண்ணெய்க்கறை, அது லிப்பிடு, அதாவது கொழுப்பு. புரதத்துக்கான பையூரெட் சோதனையை மட்டும் வீட்டில் வேண்டாம், அதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும், பள்ளி லேபிலேயே நடக்கட்டும். வாழைப்பழம், உப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம், குளிர்ந்த ஸ்பிரிட் வைத்து டிஎன்ஏ எடுப்பதைப் பிள்ளைகள் ரொம்ப ரசித்தார்கள். மிதந்து வரும் வெள்ளை நூல் முழுக்க டிஎன்ஏ என்று நம்பிவிடாதீர்கள், பெக்டினும் (பழத்தின் பசைப்பொருள்) புரதமும் அதில் கலந்தே இருக்கும்.

அடுப்படி எங்கே கைவிடும் தெரியுமா? அயோடின் விட்டதும் சோற்றுப் பருக்கை கறுத்தது, பஞ்சு கறுக்கவில்லை. "ரெண்டுமே குளுக்கோஸ்தானே அத்தை, அப்புறம் ஏன்?" என்றான். (தாளை வைத்துச் சோதிக்காதீர்கள், பல தாள்களில் மாவு பூசியிருப்பார்கள், கறுத்துக் குழப்பிவிடும்.) இதற்குப் பாசிமணிதான் பதில் சொன்னது. ஒரு மணி ஒரு குளுக்கோஸ், ஒவ்வொரு மணியிலும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. எல்லாப் பொட்டும் மேலே பார்த்தால் ஸ்டார்ச் (சோற்றின் மாவுச்சத்து), ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாறி மாறி வந்தால் செல்லுலோஸ் (பஞ்சின் நார்). முதலாவது ஸ்பிரிங் மாதிரி சுருளும், அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்துதான் நிறம் வருகிறது. இரண்டாவது நீட்டி நிமிர்ந்து கிடக்கும், உட்கார இடமில்லை. நம் வயிற்று நொதிகளால் அதை வெட்டவும் முடியாது, மாட்டுக்கு அதன் வயிற்று நுண்ணுயிர்கள் வெட்டிக் கொடுக்கின்றன.

என்னைக் கேட்டால் அடுப்படி முதலில், மணி இரண்டாவது, புத்தகம் அப்புறம். லிப்பிடுக்கு மட்டும் மணி உதவாது, அது நீளச் சங்கிலியே இல்லை. ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலம், படம் வரைந்தாலே போதும்.

புரதச் சங்கிலியின் மணிகள் அமினோ அமிலங்கள், அவை 20 வகை என்பதால் 20 நிற மணி வேண்டும், கடைத்தெரு முழுக்கத் தேடியும் பன்னிரண்டுதான் கிடைத்தது. நிறம் கிடக்கட்டும், எண்ணிக்கையாவது சரியாக இருக்கட்டும் என்று இன்சுலினைக் கோத்தார்கள், 21 மணியில் ஒரு சரம், 30 மணியில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு கந்தகப் பாலங்களுக்கு என் சேலை ஊக்கு இரண்டு போச்சு.