உலாவினால் காசு தரும் திட்டங்கள்: பயன்படுத்திப் பார்த்தவரின் கணக்கு

இணையத்தில் உலாவுவதற்கே பணம் தருவதாகச் சொல்லும் திட்டங்களில் சிலவற்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பிரேவ் ரிவார்ட்ஸ், மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ், கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் ஆகிய மூன்றும் பலருக்கும் தெரிந்தவை. மற்றவை, விளம்பரத்தைச் சொடுக்கினால் காசு என்று அழைக்கும் சிறு தளங்கள். விசாரிப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மாதம் எவ்வளவு வரும் என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்பதை. அது தெரிந்துவிட்டால் மாதம் எவ்வளவு வர முடியும் என்பது கிட்டத்தட்டத் தானாகவே தெரிந்துவிடும்.

இந்த யோசனை புதியதன்று. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஹேவர்ட் நகரிலிருந்து இயங்கிய ஆல்அட்வான்டேஜ் நிறுவனம் 1999 மார்ச் இறுதியிலேயே இதைத் தொடங்கியது. கணினித் திரையின் அடியில் வியூபார் என்ற விளம்பரப் பட்டை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும் நேரத்துக்கு மணிக்கு 50 சென்ட் வீதம், மாதத்துக்கு 25 மணி நேரம் வரை கொடுத்தார்கள். அதாவது முழுவதும் உழைத்தாலும் பன்னிரண்டரை டாலர். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆள் சேர்க்க வேண்டும்: நேரடியாகச் சேர்த்தவர் உலாவும் ஒவ்வொரு மணிக்கும் 10 சென்ட், அவருக்குக் கீழே சேர்ந்தவர்களின் மணிக்கு 5 சென்ட். கூட்டம் கூடியதென்னவோ உண்மை. ஆனால் யாரும் உட்கார்ந்திராத கணினியில் சுட்டியைத் தானாக நகர்த்திக்கொண்டே இருக்கும் சிறு மென்பொருள்களும் அதே வேகத்தில் பரவின. பார்க்க ஆளில்லாத விளம்பரத்துக்கு எந்த விளம்பரதாரர் தொடர்ந்து பணம் கட்டுவார்? இணைய நிறுவனங்களின் பங்குகள் சரிந்த டாட்காம் சரிவும் சேர்ந்துகொள்ள, 2001 தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது. இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று வரும் ஒவ்வொரு திட்டத்திலும் இந்த மூன்று கூறுகளும், அதாவது உச்சவரம்பு, ஆள்சேர்ப்பு, பார்ப்பவர் மனிதர்தானா என்ற சந்தேகம் ஆகியவை, ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கின்றன.

சந்தேகம் எவ்வளவு ஆழமானது என்பதைச் சொடுக்கினால் காசு தரும் தளங்களில்தான் கண்கூடாகப் பார்க்கலாம். விளம்பரத்தைத் திறந்ததும் மேலே ஒரு நேரக் கம்பி ஓடத் தொடங்கும். வேறு டேபுக்குப் போனால் அது அப்படியே நின்றுவிடும். திரும்பி வந்து அந்தச் சாளரத்தை முன்னால் வைத்திருந்தால்தான் மறுபடி நகரும். முப்பது விநாடி முடிந்ததும் நான்கைந்து சிறு படங்களைக் காட்டி, தலைகீழாக இருப்பது எது என்று கேட்கும். நாய், கார், நாற்காலி, மறுபடியும் நாய். சரியாகத் தொட்டால் ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கு வரவாகும். ஒரு மணி நேரம் இடைவிடாமல் செய்தாலும் 120 விளம்பரம், 12 சென்ட். நம் காசில் ஏறக்குறைய பத்து ரூபாய். அதற்கும் ஒரு நாளில் கிடைக்கும் விளம்பரங்கள் போதாது. நான் பயன்படுத்திய தளங்களில் ஒன்று, பணம் எடுப்பதற்கான குறைந்தபட்சத் தொகையை நான் நெருங்கும் நேரத்தில் உயர்த்தியது. பிறகு, முப்பது நாள் உள்ளே வராத கணக்குகளின் இருப்பு ரத்தாகும் என்ற விதியைச் சேர்த்தது. கடைசியில் தளமே திறக்கவில்லை. போனது சொற்பத் தொகைதான் என்றாலும், குறைந்தபட்சத் தொகையை எட்ட எத்தனை மாதமாகும் என்று கணக்குப் போடாமல் நான் இப்போது எந்தத் திட்டத்திலும் சேருவதில்லை.

பிரேவ் என்ற இணைய உலாவி (பிரவுசர்) இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. இணையதளங்களுக்கான நிரல்மொழி ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக், பிரையன் பாண்டியுடன் சேர்ந்து 2015-இல் தொடங்கிய நிறுவனத்தின் உலாவி அது. 2017 மே 31 அன்று பிஏடி என்ற தன் கிரிப்டோ டோக்கனை, அதாவது சந்தையில் விலை ஏறி இறங்கும் டிஜிட்டல் நாணயத்தை, அந்த நிறுவனம் விற்பனைக்கு விட்டபோது அரை நிமிடத்துக்குள் 3.5 கோடி டாலர் திரண்டது. 2019 முதல், விளம்பரம் பார்க்கச் சம்மதிப்பவர்களுக்கு அந்த விளம்பர வருவாயில் 70 சதவீதத்தை பிஏடியாகத் தருகிறது. உலாவி மற்ற தளங்களின் விளம்பரங்களைத் தடுத்துவிட்டு, திரையின் ஓரத்தில் சிறு அறிவிப்பாகத் தன் விளம்பரத்தைக் காட்டும். மணிக்கு எத்தனை என்பதை நாமே குறைத்துக்கொள்ளலாம். எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்ற தேர்வு நம் கருவிக்குள்ளேயே நடக்கிறது. நாம் பார்த்த பக்கங்களின் பட்டியல் விளம்பரதாரருக்குப் போவதில்லை. தனியுரிமை என்ற ஒரே அளவுகோலில் பார்த்தால், நான் பயன்படுத்தியவற்றில் இதற்கே முதலிடம். குறையே இல்லாத நிறுவனம் என்றும் சொல்லிவிட முடியாது. சில கிரிப்டோ தளங்களின் முகவரியைத் தட்டச்சு செய்யும்போது தனக்குத் தரகு கிடைக்கச் செய்யும் கமிஷன் குறியீட்டைப் பிரேவ் தானாகச் சேர்த்தது 2020 ஜூனில் வெளிச்சத்துக்கு வந்து, ஐக் அதைத் தவறென்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

வருமானம்? நாள் முழுவதும் கணினி முன்னால் இருக்கும் எனக்கு, மாதக் கடைசியில் ஒரு டீயும் வடையும் வாங்கும் அளவுக்கு வந்தது. சில மாதங்களில் டீ மட்டும். அதுவும் ரூபாயாக வராமல் டோக்கனாக வருவதுதான் இதில் முக்கியமான விஷயம். 2021 நவம்பரில் ஒன்றரை டாலருக்கு மேல் போன பிஏடி, 2022 முடிவதற்குள் கால் டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. சேர்ந்த டோக்கன்களின் எண்ணிக்கை குறையவில்லை. அவற்றால் வாங்கக்கூடியது குறைந்தது. தவிர, கிரிப்டோ லாபத்துக்கு இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரியும், அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்பனையில் 1 சதவீத டிடிஎஸ்ஸும் நடைமுறைக்கு வந்தன. டோக்கன் சேரும் டிஜிட்டல் பணப்பையான வாலட்டை இணைக்க கேஒய்சி, விற்க ஒரு எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்), வருமான வரிப் படிவத்தில் அதற்கென்று தனி அட்டவணை. டீக்காசுக்கு இவ்வளவு காகித வேலை தேவையா என்று என் ஆடிட்டர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2010-இல் பிங் ரிவார்ட்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் தொடங்கியது. அந்த நிறுவனத்தின் தேடுபொறியான பிங்கில் தேடுவதற்குப் பாயின்ட் கிடைக்கும், பாயின்டைக் கிஃப்ட் கார்டாக மாற்றலாம். கூகுளைவிடப் பிங்கை நாம் விரும்ப வேண்டும் என்பதற்காக அந்த நிறுவனம் தரும் தள்ளுபடி என்று இதைக் கொள்ளலாம். வேலைக்குத் தேவையான தேடலை அதில் செய்ய முடிகிறவர்களுக்குப் பழுதில்லை; பாயின்டுக்காகவே எதையாவது தேடத் தொடங்கினால் நேரம்தான் விரயம். ஒப்பீனியன் ரிவார்ட்ஸ், நீங்கள் நேற்று போன கடை எது என்பது போன்ற ஓரிரு கேள்விகள் கேட்டுச் சில ரூபாய் தருகிறது. ஆண்ட்ராய்டில் அது கூகுள் பிளே இருப்பாகவே சேரும், வங்கிக்கு வராது. போன இடங்களைப் பதிவு செய்ய அனுமதித்தவர்களுக்குக் கேள்விகள் அடிக்கடி வருகின்றன. எதற்கு விலை தரப்படுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

விலை தரப்படும் பொருள் என்னவென்று சொல்லாமல் வாங்குபவர்கள்தான் ஆபத்தானவர்கள். ஃபேஸ்புக் நிறுவனம் 13 முதல் 35 வயது வரையிலானவர்களுக்கு மாதம் 20 டாலர் வரை கொடுத்து, கைபேசியின் இணையப் போக்குவரத்து முழுவதையும் பார்க்கக்கூடிய ஒரு செயலியை நிறுவ வைத்தது 2019 ஜனவரியில் அம்பலமானது. உங்கள் இணைய இணைப்பில் மிச்சமிருப்பதை எங்களுக்குக் கொடுங்கள், தூங்கும்போதும் வருமானம் வரும் என்று அழைக்கும் செயலிகளும் இப்போது பெருகியுள்ளன. அவற்றில் முன்பின் தெரியாதவர்களின் போக்குவரத்து நம் வீட்டு இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி வழியாகப் போகிறது. அதைக் கொண்டு யாராவது முறைகேடு செய்தால் போலீஸ் முதலில் விசாரிப்பது அந்த இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். இந்த வகையை நான் தொடவே இல்லை.

சேர்வதற்கே பணம் கேட்பவை இந்த மதிப்பீட்டுக்குள் வரத் தகுதியற்றவை என்றாலும், வாட்ஸாப் குழுக்களில் அதிகம் சுற்றுவது அவைதான் என்பதால் விட்டுவிடவும் முடியவில்லை. நொய்டாவிலிருந்து இயங்கிய சோஷியல் டிரேட் 5,750 ரூபாயிலிருந்து 57,500 ரூபாய் வரை கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு சொடுக்குக்கு 5 ரூபாய் தருவதாகச் சொன்னது. 2017 பிப்ரவரியில் உத்தரப்பிரதேச போலீஸ் அதை நடத்தியவர்களைக் கைது செய்தபோது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடமிருந்து ஏறத்தாழ 3,700 கோடி ரூபாய் திரட்டப்பட்டிருந்ததாக அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில், 50 டாலருக்கு விளம்பரப் பொதி வாங்கி நாளும் சில விளம்பரங்களைச் சொடுக்கினால் 55 டாலர் வரை திரும்பும் என்ற அமெரிக்காவின் டிராஃபிக் மான்சூனை அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் பொன்சி திட்டம் (புதிதாகச் சேர்பவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுக்கும் மோசடி) என்று கூறி நீதிமன்றம் மூலம் முடக்கியது. காசுக்காகச் சொடுக்குபவரிடம் பொருள் வாங்கும் எண்ணம் இருப்பதில்லை. அப்படிப்பட்ட சொடுக்குக்கு 5 ரூபாய் தரும் விளம்பரதாரர் உலகத்தில் எங்கும் கிடையாது. அப்படியானால் அந்த 5 ரூபாய், அடுத்துச் சேரப்போகிறவர் கட்டிய கட்டணம்தான். தொடக்கத்தில் சேர்ந்தவருக்குச் சொன்னபடி பணம் வருவதால் அவர் சொந்தபந்தங்களிடம் சத்தியம் செய்து சொல்கிறார். அதனால்தான் "என் மச்சானுக்கு வந்திருக்கிறதே" என்பவரிடம் நம் வாதம் எடுபடுவதில்லை.

இப்போது என்னிடம் எஞ்சியிருப்பவை இரண்டு. பிரேவை அதன் விளம்பரத் தடுப்புக்காக வைத்திருக்கிறேன். அறிவிப்பு விளம்பரத்தை மணிக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டேன். ஒப்பீனியன் ரிவார்ட்ஸில் சேரும் இருப்பு, ஆண்டுக்கு ஓரிரு முறை ஏதாவது செயலி வாங்க உதவுகிறது. புதிதாக ஏதாவது திட்டம் கண்ணில் பட்டால் தனி மின்னஞ்சலில் பதிந்து, குறைந்தபட்சத் தொகை சேர்ந்த அன்றே எடுத்துப் பார்க்கிறேன். அந்தத் தொகை கைக்கு வரும் முன்பே ஆதார் நகலோ, "பிராசஸிங் கட்டணம்" என்று நூறு ரூபாயோ கேட்டால் கணக்கை அங்கேயே மூடிவிடுகிறேன்.