தேவகோட்டை வீட்டுக்கு ஒரு டிஜிட்டல் பியானோ: ரோலண்ட் எஃப்பி-10, எட்டு மாதங்களுக்குப் பிறகு

எங்கள் மகளுக்கு 11 வயது. இரண்டு ஆண்டுகள் 61 கட்டைகள் கொண்ட சாதாரணக் கீபோர்டில் பழகிய பிறகு, சனிக்கிழமைதோறும் காரைக்குடியிலிருந்து வந்து கற்றுக்கொடுக்கும் டீச்சர், "இனிமேலும் இந்த இலேசான கட்டையில் வாசித்தால் விரலுக்கு வலுவே வராது சார், 88 கட்டையுள்ள பியானோவாகப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். ஸ்டாண்டு, பெடல், ஹெட்போன் எல்லாம் சேர்த்து 70 ஆயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று வரம்பு வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினோம். சிறிய ஊரில் இருந்துகொண்டு இதே தேடலில் இறங்கும் பெற்றோருக்கு உதவும் என்பதால், பார்த்ததையும் வாங்கியதையும் விரிவாக எழுதுகிறேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நல்ல பழைய பியானோ ஒன்று கிடைக்காதா என்ற ஆசை முதலில் இருந்தது. ஆனால் உண்மையான பியானோவில் ஏறக்குறைய 230 தந்திகள் டன் கணக்கான இழுவிசையில் நிற்கின்றன; கோடையில் மரம் காய்ந்து, ஐப்பசி மழையில் ஈரம் ஏறும்போதெல்லாம் சுருதி நகரும்; அதைச் சேர்த்துக் கொடுப்பவரை ஒவ்வொரு முறையும் வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்த ஆசையை அத்துடன் விட்டுவிட்டோம்.

அடுத்து திருச்சியிலும் மதுரையிலும் சில கடைகளுக்குப் போனோம். ஒரு கடையில், கருவிக்குள் பதிந்து வைத்திருக்கும் மாதிரிப் பாட்டை ஓடவிட்டு, எத்தனை விதமான ஒலிகள் இருக்கின்றன என்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குழந்தை உட்கார்ந்து வாசிக்க ஒரு முக்காலிகூடப் போடவில்லை. மாதிரிப் பாட்டு எந்தக் கருவியிலும் இனிமையாகத்தான் இருக்கும். பியானோவின் தரம் தெரிவது மெதுவாக வாசிக்கும்போதுதான் என்பதை, டீச்சர் எழுதிக் கொடுத்த சோதனைகளைச் செய்து பார்த்த பிறகே நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

உண்மையான பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பித் தந்தியை அடிக்கிறது. ஒலியின் பலம் அந்தச் சுத்தியலின் வேகத்தைப் பொறுத்தது. டிஜிட்டல் பியானோவில் தந்தி கிடையாது. கட்டையோடு இணைந்த ஒரு சிறு எடை மட்டும் நகர, கட்டை இறங்கும் வேகத்தை உணரிகள் அளந்து, அதற்கேற்ற ஒலியை எழுப்புகின்றன. ஆகவே, ஒரே கட்டையை மிக மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி இருபது முறை தட்டிப் பாருங்கள். மெல்லிய ஒலியிலிருந்து உரத்த ஒலிக்கு நழுவிச் செல்வதுபோல் ஏறினால் நல்ல கருவி. இரண்டு மூன்று படிகளாகத் தாவினால் வேண்டாம். அடுத்து, வெள்ளைக் கட்டையின் முன் விளிம்பில் ஒரு முறையும், கறுப்புக் கட்டைகளுக்கு இடையே உள்ளே தள்ளி ஒரு முறையும் அழுத்த வேண்டும். விலை குறைந்த கருவிகளில் கட்டையின் மறைவான பகுதி குட்டையாக இருப்பதால் உள்ளே அழுத்தும்போது கனம் கூடும். எவ்வளவு கூடுகிறது என்பதை விரலே சொல்லிவிடும். பிறகு, இடக்கைப் பக்கத்துத் தாழ்ந்த சுரம் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒலி தேய்ந்து மறையும் வரை பொறுமையாகக் கேட்க வேண்டும். உண்மையான பியானோவில் அந்தத் தேய்வு பல நொடிகள் நீடிக்கும். சில கருவிகளில் அது சீக்கிரமே அறுந்துபோகிறது. இந்தச் சோதனைகளைக் கடையின் இரைச்சலில் ஸ்பீக்கர் வழியே செய்வதில் பயனில்லை. நல்ல ஹெட்போன் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

எங்கள் வரம்புக்குள் இறுதியில் நின்றவை மூன்று. கேசியோ சிடிபி-எஸ்110 ஏறத்தாழ பத்தரைக் கிலோதான். ஆறு பேட்டரி போட்டும் வாசிக்கலாம் என்பதால் மின்வெட்டுள்ள ஊர்களுக்கு உகந்தது. யமஹா பி-145, 2023-இல் பி-45-க்கு அடுத்ததாக வந்த மாதிரி. அதன் ஒலியில் ஒரு தெளிவும் பிரகாசமும் உண்டு, கட்டையும் இலேசு. இவ்விரண்டிலும் ஒரே நேரத்தில் 64 குரல்கள், அதாவது தனித்தனிச் சுர ஒலிகள், வரை ஒலிக்கும். தொடக்க நிலை மாணவருக்கு அது போதும். 2019-இல் வந்த ரோலண்ட் எஃப்பி-10-இல் 96 குரல்கள். ஆனால் நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பிஎச்ஏ-4 என்ற அதன் கட்டையமைப்புதான். அதே நிறுவனத்தின் விலை கூடிய எஃப்பி-30எக்ஸ் மாதிரியிலும் இதே கட்டையமைப்புதான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டைக்கும் மூன்று உணரிகள் இருப்பதால், கட்டை முழுவதும் மேலே திரும்புவதற்கு முன்பே மறுபடி அழுத்தினாலும் சுரம் தவறாமல் ஒலிக்கிறது. மெதுவாக அழுத்தும்போது பாதிக்குக் கீழே ஒரு மெல்லிய தடை தட்டுப்பட்டு விலகுகிறது. உண்மையான பியானோவில் சுத்தியல் விடுபடும் கணத்தை நினைவூட்டும் அந்த உணர்வை மகள் முதல் நாளே கண்டுகொண்டு, "அப்பச்சி, இது உள்ளே என்னவோ பேசுது" என்றாள். கட்டையின் மேற்பரப்பு தந்தம்போல் சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால், சித்திரை வெயிலில் வியர்த்த விரலும் வழுக்குவதில்லை.

ஒலியைப் பற்றிச் சொல்லும்போது வீட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலில் வீட்டின் நடுவே உள்ள வளவில், முற்றத்தை ஒட்டி வைத்தோம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவர், கல்தூண்கள், எங்கும் துணியோ மெத்தையோ இல்லாத வெளி. ஒவ்வொரு சுரமும் சுற்றித் திரும்பி வந்து அடுத்த சுரத்தின் மேல் விழுந்தது. கருவியைத்தான் தவறாகத் தேர்ந்துவிட்டோமோ என்று இரண்டு நாள் வருந்தினேன். பிறகு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், கட்டிலும் துணி அலமாரியும் உள்ள சிறிய அறைக்கு மாற்றிக் கீழே கனத்த ஜமுக்காளம் விரித்ததும், அதே கருவி கனிந்து ஒலித்தது. அதன் ஸ்பீக்கர்கள் சிறியவை. ஓர் அறைக்குப் போதும், கூடம் நிறையாது. மரத்தின் அதிர்வு உடம்பில் ஏறும் அனுபவத்தை இந்த விலையில் எதிர்பார்க்கவும் கூடாது.

ஹெட்போன் மாட்டிக்கொண்டால் வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று விற்பவர்கள் சொல்வது முக்கால் பங்கு உண்மை. எடையுள்ள கட்டை எதுவானாலும் அடியில் முட்டும் ஓசை எழும். பக்கத்து அறையில் மதியம் கண்ணயரும் அப்பத்தாவுக்கு அது சுவரைத் தட்டுவதுபோல் கேட்டது. ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்த பின் பெருமளவு குறைந்துவிட்டது. ஸ்டாண்டு வாங்கும்போது, கத்தரிக்கோல்போல் குறுக்காக நிற்கும் வகையைத் தவிர்த்து நான்கு கால் உள்ளதை வாங்குங்கள். கருவி ஆடினால் நல்ல கட்டையும் வீண். மின்சாரம் ஏறி இறங்கும் ஊர் என்பதால், கருவியோடு வந்த அடாப்டரைத் தவிர வேறெதையும் செருகாமல், வாசித்து முடித்ததும் கழற்றி வைத்துவிடுகிறோம். காற்றில் பறந்து வரும் செம்மண் தூசிக்குப் பருத்தித் துணி உறை ஒன்று தைத்துப் போட்டிருக்கிறோம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒலியை வெளியே எடுக்க ஹெட்போன் துளை ஒன்றுதான் உண்டு. கோயில் விழாவிலோ பள்ளி மேடையிலோ வாசிக்கத் தனித் துளை வேண்டும் என்பவர்கள் வேறு மாதிரியைப் பார்க்கலாம். பொத்தான்கள் மிகக் குறைவு. ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே கட்டையைத் தொட்டு ஒலியை மாற்றும் முறை பழகச் சில நாட்கள் ஆகும். ஆனால் சுருதியை மாற்றும் வசதியை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடும் என் மனைவிக்கு மகள் சரளி வரிசையை சி என்ற கட்டையிலிருந்தே வாசித்துத் துணை கொடுக்கிறாள். சுரத்தை அசைத்து இழுக்கும் கமகம் பியானோவில் வராது என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும்.

சென்ற மாதம், திருச்சியில் ஒரு பள்ளியில் இருந்த உண்மையான பியானோவில் மகளை வாசிக்க வைத்தார் டீச்சர். விரல்கள் தடுமாறவில்லை, கனம் புதிதாக இல்லை என்றாள். திணறியது காலில்தான். கருவியோடு வரும் சிறிய பெடல் அழுத்தினால் ஒலியைப் பிடிக்கும், விட்டால் விடும். பாதி அழுத்தத்தில் ஒலியை மெல்லக் கசியவிடும் பழக்கம் அதில் வராது. ஊர் திரும்பியதும், பாதி அழுத்தத்தையும் உணரும் டிபி-10 பெடலுக்குச் சொல்லிவிட்டேன்.