கென்யத் தொடக்கக் கல்விக்கு வந்த வெளிநாட்டு உதவி: நான்கு வழிகளும் அவற்றின் பலனும்

கென்யாவின் தொடக்கப் பள்ளிகளுக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் வெளிநாட்டு உதவி நான்கு வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது. அரசின் கல்வி நிதிக்கு நேரடியாகப் பணம் தருவது ஒன்று. தொண்டு நிறுவனங்கள் மூலம் பாடநூல், மருந்து போன்றவற்றைப் பள்ளிக்கு அனுப்புவது இன்னொன்று. அரசுப் பள்ளி வகுப்பறையில் பாடம் நடக்கும் முறையையே மாற்ற முயல்வது மூன்றாவது. குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளில் முதலீடு செய்வது நான்காவது. இவற்றுள் பல, உதவி பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் குலுக்கல் முறையில் பிரித்து அளக்கப்பட்டவை என்பதால், ஊகத்தை விட்டுவிட்டு ஒப்பிட முடிகிறது. மூன்றாவது வழியே மற்றவற்றைவிட மேலானது என்பது என் முடிவு. ஆனால் முதல் வழி முன்பே பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்து சேர்த்திராவிட்டால் அதற்கு வேலையே இருந்திருக்காது.

முதல் வழியின் பெரிய சோதனை 2003 ஜனவரியில் தொடங்கியது. 2002 டிசம்பர் தேர்தலில் வென்று பதவியேற்ற முவாய் கிபாகியின் அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை ரத்து செய்தவுடன், ஏறக்குறைய 59 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 72 லட்சத்தை எட்டியது. எண்பது வயதைத் தாண்டிய கிமானி மாருகே எல்டோரெட் நகரப் பள்ளி ஒன்றில் 2004இல் முதல் வகுப்பில் சேர்ந்ததும் இந்த அலையில்தான். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,020 ஷில்லிங் என்று கணக்கிட்டு, பாடநூலுக்கு ஒன்றும் பிற செலவுகளுக்கு ஒன்றுமாக ஒவ்வொரு பள்ளிக்கும் இரண்டு வங்கிக் கணக்குகளில் அரசு பணம் செலுத்தியது. ஆசிரியர் சம்பளம் உட்படச் செலவின் பெரும்பகுதியைக் கென்ய அரசே ஏற்றுக்கொண்டது. உலக வங்கி, பிரிட்டன் முதலியோரின் பணம் அதற்குத் துணையாக வந்தது. 2005இல் கொடையாளர்கள் பலரின் பணம் ஒரே பொது நிதியில் சேர்க்கப்பட்டபோது, தனித்தனித் திட்டங்களுக்குத் தனித்தனி அறிக்கை எழுதும் சுமையிலிருந்து அமைச்சகம் விடுபடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அது நியாயமான எதிர்பார்ப்பும்கூட.

அந்த ஏற்பாட்டின் பலவீனம் 2009இல் வெளிப்பட்டது. கல்வி நிதியில் முறைகேடு நடந்திருப்பது தணிக்கையில் தெரிய வந்ததும், ஆண்டின் இறுதியில் பிரிட்டனும் 2010 ஜனவரியில் அமெரிக்காவும் தங்கள் உதவியை நிறுத்தி வைத்தன. பணம் எல்லாம் ஒரே நிதியில் கலந்துவிட்ட பிறகு, தவறு நடந்த இடத்தை மட்டும் தண்டிக்கக் கொடையாளரால் முடிவதில்லை. மொத்தமாகக் கொடுப்பதும் மொத்தமாக நிறுத்துவதுமே அவர் கையில் இருக்கின்றன. இதைவிட அடிப்படையான குறை வேறொன்றும் உண்டு. இந்தப் பணம் பிள்ளைகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. ஓர் அறையில் நூறு பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

பொருளாகக் கொடுப்பது பாதுகாப்பானது என்று தோன்றும். புத்தகத்தை யாரும் வெளிநாட்டு வங்கிக் கணக்கில் போட்டுவைக்க முடியாதல்லவா. தொண்ணூறுகளின் நடுவில், மேற்குக் கென்யாவின் புசியா, டெசோ மாவட்டங்களில் டச்சுத் தொண்டு நிறுவனம் ஒன்று பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல்களை வழங்கியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரீமரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதன் விளைவை அளந்தபோது, சராசரி மதிப்பெண் உயரவே இல்லை என்று தெரிந்தது. முன்பே நன்றாகப் படித்துவந்த மாணவர்கள் மட்டும் முன்னேறியிருந்தார்கள். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வீட்டில் ஒரு தாய்மொழி, அதற்குமேல் சுவாஹிலி, மூன்றாவதாக ஆங்கிலம் என்று வளரும் கிராமப்புறப் பிள்ளைகளில் பெரும்பாலோரால் அவற்றை வாசிக்க முடியவில்லை. பாடத்திட்டம் நகர்ப்புற மேல்தட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டிருக்கும்போது, அதே நூலின் பிரதிகளைப் பெருக்குவதால் பின்தங்கியவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. வகுப்பறைச் சுவரில் மாட்டும் விளக்கப் படங்களை வழங்கிய முயற்சியும் மதிப்பெண்ணில் மாற்றம் எதையும் காட்டவில்லை.

இவ்வகையில் விதிவிலக்கு, 1998இல் அதே பகுதியின் 75 பள்ளிகளில் தொடங்கிய குடற்புழு நீக்கத் திட்டம். மிகக் குறைந்த செலவில் மாத்திரை கொடுத்ததால் மாணவர் வராமை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. தொற்று குறைந்ததால், மாத்திரை பெறாத அண்டைப் பள்ளிப் பிள்ளைகளும் பயனடைந்தார்கள். 2015இல் இந்தக் கணக்கு மறு ஆய்வுக்கு உள்ளாகிக் கடும் விவாதம் எழுந்தாலும், அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பின் நடந்த தொடராய்வுகள் அவர்களுடைய வருமானத்தில் பலன் தெரிவதாகவே கூறுகின்றன. ஆனால் தேர்வு மதிப்பெண் இங்கும் உயரவில்லை. இதை நல்ல சுகாதாரத் திட்டம் என்று தயங்காமல் ஆதரிக்கலாம். கற்பித்தலுக்கு மாற்றாகக் காட்டினால்தான் சிக்கல்.

ஒரு திட்டத்தை யார் நடத்துகிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை ஒப்பந்த ஆசிரியர் விவகாரம் போல வேறெதுவும் காட்டவில்லை. தொண்டு நிறுவனம் நடத்திய முந்தைய சோதனையில், கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியரை நியமித்த பள்ளிகளில் கற்றல் மேம்பட்டிருந்தது. அதை நாடு முழுவதற்கும் விரிவாக்க முடிவு செய்த அரசு 18,000 ஒப்பந்த ஆசிரியர்களை நியமிக்கத் தொடங்கியது. அப்போது 192 பள்ளிகளில் இன்னொரு சோதனை நடந்தது: சில பள்ளிகளில் நியமனத்தையும் சம்பளத்தையும் வேர்ல்ட் விஷன் என்ற தொண்டு நிறுவனம் கவனித்தது, வேறு சிலவற்றில் அதே பொறுப்பைக் கல்வி அமைச்சகம் ஏற்றது. வேர்ல்ட் விஷன் நடத்திய பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்தது. அமைச்சகம் நடத்திய பள்ளிகளில் பலன் பூஜ்யம். அரசு நியமித்தவர்களுக்குச் சம்பளம் தாமதமானது, கண்காணிப்பு தளர்ந்தது. ஆசிரியர் சங்கமும் அவர்களை நிரந்தரமாக்கக் கோரிப் போராடியது. தொழிலாளர் என்ற நிலையில் பார்த்தால் அந்தக் கோரிக்கையில் தவறில்லை. இதைப் படித்துவிட்டு அரசை ஒதுக்கிவிட வேண்டும் என்ற முடிவுக்குச் சிலர் வந்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ள நாட்டில் அது நடக்கக்கூடிய முடிவு அல்ல.

தனியார் வழியும் அரசை ஒதுக்கும் அதே எண்ணத்தைக் கொண்டதுதான். குறைந்த கட்டணப் பள்ளிகளை நடத்தும் பிரிட்ஜ் இன்டர்நேஷனல் அகாடமிஸ் நிறுவனம் தன் முதல் பள்ளியை 2009இல் நைரோபியின் முகுரு குடிசைப் பகுதியில் திறந்தது. ஆசிரியர் சொல்ல வேண்டிய ஒவ்வொரு வாக்கியமும் கையடக்கக் கருவியில் எழுதி வரும். மாதக் கட்டணம் சில டாலர்கள். உலக வங்கிக் குழுமத்தில் தனியார் துறைக்கு நிதி தரும் பிரிவான ஐஎஃப்சி அதில் முதலீடு செய்து, தொடர்ந்து எழுந்த புகார்களுக்கும் விசாரணைகளுக்கும் இடையில் 2022இல் விலகியது. அதே 2022இல் கிரீமர் குழு வெளியிட்ட ஆய்வு, அப்பள்ளிகளில் உதவித்தொகை பெற்றுப் படித்த பிள்ளைகளிடம் வியக்கத்தக்க கற்றல் முன்னேற்றம் இருப்பதைக் காட்டியது. இரண்டுமே உண்மை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது உதவித்தொகையில் சேர்ந்தவர்களை. சில டாலர்களையும் கொடுக்க இயலாத குடும்பத்துப் பிள்ளை அப்பள்ளியின் வாசலைத் தாண்டுவதே இல்லை என்பது அதன் கணக்கில் வராது.

இனி மூன்றாவது வழியைச் சேர்ந்த டுசோமே. 2011 முதல் 2014 வரை சிறிய அளவில் சோதிக்கப்பட்ட ஒரு முறையை, 2015இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டின் நிதியுடன் நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் கொண்டுசென்ற வாசிப்புத் திட்டம் இது. கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலும் சுவாஹிலியிலும் ஆளுக்கொரு நூல், ஆசிரியருக்கு நாள்வாரிப் பாடக் கையேடு, வகுப்பறைக்கு வந்து பார்த்து ஆலோசனை சொல்லும் அலுவலர் என்பவை அதன் மூன்று பகுதிகள். அந்த அலுவலர்கள் புதிதாக அமர்த்தப்பட்டவர்கள் அல்லர். முன்பிருந்தே சம்பளம் பெற்றுவந்த அரசு ஊழியர்கள். அவர்கள் கையில் ஒரு டேப்லெட் கொடுக்கப்பட்டது. வகுப்பைப் பார்த்து, சில பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அதைப் பதிவு செய்தால் பயணச் செலவு கிடைக்கும். கருவியை யாரிடம் தருவது என்பதையும் முன்பே கிசுமு பகுதியில் சோதித்திருந்தார்கள்: அலுவலரிடம் தந்தாலும், ஆசிரியரிடம் தந்தாலும், மாணவரிடம் தந்தாலும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை, அலுவலரிடம் தருவதே மலிவு. பள்ளிப் பிள்ளைகள் கையில் கருவியைக் கொடுத்துப் புகைப்படம் எடுக்க ஆசைப்படும் கொடையாளர்கள் இந்த ஒரு முடிவை மட்டுமாவது படிக்கலாம்.

புசியாவில் தோற்ற பாடநூல் இங்கே பிள்ளைகளின் வாசிப்பை உயர்த்தி வென்றதற்குக் காரணம், பிள்ளையின் நிலைக்கேற்ப அது எழுதப்பட்டதும், அதைப் பயன்படுத்தும் வகை ஆசிரியருக்குச் சொல்லப்பட்டதும், பயன்படுத்துகிறாரா என்று பார்க்க ஒருவர் வந்துபோனதும்தான். பிரிட்ஜ் பள்ளிகளின் வெற்றியிலும் எழுதி வைத்த பாடமும் இடைவிடாத மேற்பார்வையுமே பெரும்பங்கு வகித்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்; அதே இரண்டையும் கட்டணமில்லா அரசுப் பள்ளிக்குள், அரசு ஊழியரைக் கொண்டே செய்ய முடியும் என்று டுசோமே காட்டிவிட்டது. ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தில் அமைச்சகம் தோற்றதை வைத்து, அரசு எதை எடுத்தாலும் தோற்கும் என்ற வாதமும் இத்துடன் அடிபடுகிறது. குறைகளும் இல்லாமல் இல்லை. கீழ் வகுப்புகளுக்கு மேலே இந்த முறை செல்லவில்லை. வீட்டு மொழியில் வாசிக்கக் கற்பதற்கு அதில் உரிய இடம் இல்லை. நல்ல ஆசிரியருக்கு நாள்வாரிக் கையேடு ஒரு கட்டாகவும் அமையக்கூடும்.

யூஎஸ்எய்டு 2025இல் மூடப்பட்டுவிட்டது. பள்ளி உணவுத் திட்டத்தை உலக உணவுத் திட்ட அமைப்பு ஏற்கெனவே 2018இல் கென்ய அரசிடம் ஒப்படைத்திருந்தது. அங்கே மாற்றத்துக்குப் பல ஆண்டு அவகாசம் இருந்தது. வாசிப்புத் திட்டத்தில் கையேடுகளும் அலுவலர்களும் அரசிடமே இருப்பதால், வெளியிலிருந்து தேவைப்படுவது ஒப்பீட்டளவில் சிறிய தொகைதான்: அலுவலர்களின் பயணச் செலவு, தேய்ந்துபோகும் நூல்களின் மறு அச்சு, நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கான கையேடுகளை எழுதும் பணி. இனி கென்யக் கல்விக்குப் பணம் கொண்டுவரும் எந்த நாடும் புதிய திட்டம் ஒன்றுக்குப் பெயர் சூட்டுவதற்கு முன்னால் இந்த மூன்று செலவுகளையும் பல ஆண்டுகளுக்கு எழுத்து மூலம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அத்தொகை கென்ய வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பின் கீழ், தணிக்கைக்கு உட்பட்டு வர வேண்டும்.